ஓடிக்கொண்டிருக்கும் ஜேனஸ்கிராஃபில் ஸ்கீமாவை மாற்றுவது எப்படி?

ஜேனஸ்கிராஃப் என்ற கிராஃப் தரவுத்தளத்தில் புதிய இன்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) சேர்க்க வேண்டும், ஒரு பிராப்பர்ட்டியின் (தரவுப் புலத்தின்) வகையை மாற்ற வேண்டும் என்று உங்கள் தலையில் வேலை விழுந்திருக்கிறதா? இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். மைஎஸ்கியூஎல்லில் ஒரு வரியில் முடிகிற வேலை இங்கே பல கட்டங்களாக நடக்கும். இதைக் கற்றுக்கொள்ள நான் நிறையவே திண்டாடினேன். அந்தத் திண்டாட்டம் உங்களுக்கு வேண்டாம்.

ஆவணங்களில் ஸ்கீமா (தரவின் அமைப்பு வரையறை) ஓர் அத்தியாயம், டிரான்சாக்ஷன் (ஒரு தொகுப்பாக நடக்கும் படிப்பும் எழுத்தும்) வேறொரு அத்தியாயம். வேலையில் இறங்கினால் இரண்டும் பின்னிப் பிணைந்து கிடக்கின்றன. ஸ்கீமா மாற்றம் நடுவழியில் நின்றுபோனால், எங்கோ ஒரு மூலையில் மூடாமல் கிடக்கும் டிரான்சாக்ஷனைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாக விளங்கும்.

நான் மனதில் வைத்திருக்கும் அமைப்பு இது: மூன்று ஜேனஸ்கிராஃப் சர்வர்கள், அடியில் கசாண்ட்ரா கிளஸ்டர், தேடலுக்கு எலாஸ்டிக்சர்ச். உள்ளே இருப்பது ஆட்கள், கைபேசி எண்கள், வங்கிக் கணக்குகள். மோசடியைக் கண்டுபிடிக்க வைத்திருக்கும் கிராஃப். ஹெச்பேஸ், சில்லா பயன்படுத்துபவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். கட்டளைப் பெயர்களைத் தமிழ் ஒலியில் எழுதியிருக்கிறேன்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, ஸ்கீமாவின் இன்றைய நிலை. கிரெம்லின் கன்சோலில் (கட்டளை கொடுக்கும் திரை) ஸ்கீமாவை நிர்வகிக்கும் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பிரிண்ட்ஸ்கீமா கொடுத்தால் வெர்டெக்ஸ் (கிராஃபின் புள்ளி) லேபிள், எட்ஜ் (புள்ளிகளை இணைக்கும் கோடு) லேபிள், பிராப்பர்ட்டி கீ, இன்டெக்ஸ் எல்லாம் அட்டவணையாக வரும். அதைக் கோப்பில் சேமித்து கிட்டில் (பதிப்புகளைக் காக்கும் கருவி) ஏற்றுங்கள். வேலை முடிந்ததும் இன்னொரு முறை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க இதுதான் ஆதாரம். பார்த்து முடித்த கையோடு மேனேஜ்மென்ட்டை ரோல்பேக் செய்துவிடுங்கள் (எதையும் சேமிக்காமல் மூடுவது; சேமித்து மூடுவது கமிட்).

இரண்டாவது, கிராஃபை நேரடியாகத் திறக்கும் எல்லாப் புரோகிராம்களின் பட்டியல். சர்வர் வழியாக வினவல் அனுப்பும் கிளையன்ட்கள் இதில் சேராது. கான்ஃபிக் கோப்பைக் கொடுத்துத் தானே கிராஃபைத் திறக்கும் ஒவ்வொரு புரோகிராமும் தனி இன்ஸ்டன்ஸ்: இரவில் ஓடும் ஏற்றுமதி ஜாப், யாராவது மடிக்கணினியில் திறந்து வைத்திருக்கும் கன்சோல் எல்லாம் சேர்த்தி. இந்தப் பட்டியலை யார் யார் எழுதினார்கள், யாரைக் கூப்பிட வேண்டும் என்பதோடு வைத்திருங்கள். வேலைநாள் அன்று இது தேவைப்படும்.

மூன்றாவது, பேக்கப். கசாண்ட்ராவின் ஒவ்வொரு நோடிலும் (கிளஸ்டரின் இயந்திரத்திலும்) நோட்டூல் ஸ்னாப்ஷாட் எடுக்க வேண்டும். ஒரு நோடில் எடுத்தால் மற்றதற்கு வராது. ஸ்னாப்ஷாட் என்பது ஹார்ட் லிங்க் மட்டுமே என்பதால் எடுத்தவுடன் இடம் பிடிக்காது. நாள் போகப்போக, கம்பாக்ஷன் (தரவுக் கோப்புகளை ஒன்றுசேர்க்கும் வேலை) நடந்து பழைய கோப்புகள் போன பிறகும் ஸ்னாப்ஷாட் அவற்றைப் பிடித்து வைத்திருக்கும்; அப்போதுதான் டிஸ்க் நிரம்பும். வேலை முடிந்ததும் அழிக்க நாள் குறித்து வையுங்கள். எலாஸ்டிக்சர்ச்சில் இருப்பதை கிராஃபிலிருந்து மறுபடி கட்டிவிடலாம், எனவே கசாண்ட்ராதான் முக்கியம்.

நான்காவது, கான்ஃபிக் கோப்பு. ஸ்டோரேஜ்.சிக்யூஎல்.ரெப்ளிகேஷன்-ஃபேக்டர் என்ற மதிப்பைத் தேடுங்கள். யாரும் எழுதியிருக்காவிட்டால் இயல்பு மதிப்பு 1. அதாவது தரவுக்கு ஒரே ஒரு பிரதி. இயல்பாகப் படிப்பதும் எழுதுவதும் குவோரம் (பெரும்பான்மைப் பிரதிகளின் ஒப்புதல்) அளவில்தான் நடக்கும், ஆனால் ஒரே பிரதி இருக்கும்போது அந்தக் குவோரத்துக்குப் பொருளே இல்லை. 3 பிரதி இருந்தால்தான் ஒரு நோட் விழுந்தாலும் மீதி இரண்டை வைத்து வேலை தொடரும். கீஸ்பேஸ் (கசாண்ட்ராவில் தரவு இருக்கும் தொகுப்பு) உருவான பின் இந்தக் கோப்பில் திருத்தினால் பலன் இல்லை. கசாண்ட்ராவிலேயே கீஸ்பேஸை மாற்றி, ஒவ்வொரு நோடிலும் ரிப்பேர் (பிரதிகளை ஒத்திசைக்கும் வேலை) ஓட்ட வேண்டும். ஸ்கீமா வேலைக்கு முன்பே இதை முடியுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, ஜேனஸ்கிராஃப் அப்பாச்சி 2.0 உரிமத்தில் இலவசம். பணம் போகும் இடங்கள் இரண்டு: ரீஇன்டெக்ஸ் (பழைய தரவை இன்டெக்ஸில் ஏற்றும் வேலை) ஓடும்போது இயந்திரங்கள் படும் பாடு, பழையது, புதியது என இரண்டு பிராப்பர்ட்டிகளைச் சில நாள் ஒன்றாக வைத்திருக்கும்போது கூடும் டிஸ்க். பிரதி 3 என்றால் அந்தக் கூடுதலும் மூன்று மடங்கு.

2. தானாக ஸ்கீமா உருவாவதை நிறுத்துங்கள்

இயல்பாக, நீங்கள் அறிவிக்காத பெயரில் பிராப்பர்ட்டி எழுதினாலும் ஜேனஸ்கிராஃப் அதை உடனே உருவாக்கிக்கொள்ளும். ஒருவர் மொபைல் என்று எழுத, இன்னொருவர் எழுத்துப் பிழையோடு மொபயில் என்று எழுத, கிராஃபில் இரண்டு கீ நிரந்தரமாகக் குடியேறிவிடும். ஸ்கீமா.டிஃபால்ட் என்ற அமைப்பை நன் என்று வைத்தால், அறிவிக்காத பெயர் வந்தவுடன் அப்படி ஒரு கீ இல்லை என்று பிழை வரும். அந்தப் பிழை உங்களுக்கு நல்லதே செய்கிறது. எந்தப் பிராப்பர்ட்டி எந்த லேபிளில் வரலாம் என்றும் கட்டுப்படுத்த வேண்டுமானால் ஸ்கீமா.கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் அமைப்பை ட்ரூ ஆக்குங்கள்.

உற்பத்திச் சூழலில் இதை முதலில் செய்துவிட்டு ஒரு வாரம் லாகைக் (புரோகிராம் எழுதும் பதிவேட்டை) கவனியுங்கள். யாருக்கும் தெரியாமல் கீ உருவாக்கிக்கொண்டிருந்த புரோகிராம்கள் தாமாக வெளிப்படும்.

3. எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது

ஒருமுறை கமிட் ஆன பிராப்பர்ட்டி கீயின் தரவு வகையை மாற்ற முடியாது. கார்டினாலிட்டி (ஒரு கீயில் எத்தனை மதிப்பு இருக்கலாம் என்பது), அதாவது சிங்கிள், லிஸ்ட், செட் என்பதையும் மாற்ற முடியாது. எட்ஜ் லேபிளின் மல்டிப்ளிசிட்டியும் (இரு புள்ளிகளுக்கிடையே எத்தனை கோடு வரலாம் என்பது) அப்படியே. மாற்றக்கூடியது பெயர் மட்டும். சேஞ்ச்நேம் என்ற கட்டளை அதற்கு இருக்கிறது.

கைபேசி எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை இன்டீஜர் என்று அறிவித்துவிட்டால் 2147483647க்கு மேல் போகாது. 9இல் தொடங்கும் பத்து இலக்க இந்திய எண் எதுவும் உள்ளே நுழையாது. லாங் என்று வைத்தால் நுழையும், ஆனால் நாட்டுக் குறியீட்டின் கூட்டல் குறியும் முன்னால் வரும் பூஜ்யமும் போய்விடும். ஸ்ட்ரிங்தான் சரி. ஏற்கெனவே லாங்காக இருப்பதை ஸ்ட்ரிங்காக மாற்ற வழி இது:

மொபைல்_புதிது என்று ஸ்ட்ரிங் வகையில் புதிய கீயையும், அதே மேனேஜ்மென்ட் டிரான்சாக்ஷனில் அதற்கான இன்டெக்ஸையும் உருவாக்குங்கள். கீ புதியதாகவும் இன்டெக்ஸ் அதே டிரான்சாக்ஷனில் பிறந்ததாகவும் இருந்தால் இன்டெக்ஸ் உடனே எனேபிள்ட் ஆகிவிடும், ரீஇன்டெக்ஸ் தேவைப்படாது. இந்த ஒரு நுணுக்கம் ஓர் இரவு வேலையை மிச்சப்படுத்தும். அடுத்து, எழுதும் புரோகிராம்கள் பழையது, புதியது இரண்டிலும் எழுதும்படி மாற்றி வெளியிடுங்கள். பிறகு பழைய மதிப்புகளைச் சிறு சிறு தொகுதிகளாக நகலெடுங்கள். தொகுதிக்கு ஒரு கமிட். எல்லாம் நிரம்பியதைச் சரிபார்த்தபின் படிக்கும் புரோகிராம்களைத் திருப்புங்கள். கடைசியாகத்தான் பழைய கீயில் எழுதுவதை நிறுத்த வேண்டும்.

பெயர் மாற்றுவதில் ஒரு பொறி இருக்கிறது. பெயர் மாறிய செய்தி எல்லா இன்ஸ்டன்ஸுக்கும் ஒரே நொடியில் சேராது. ஓடிக்கொண்டிருக்கும் டிரான்சாக்ஷன்கள் பழைய பெயரையே வைத்திருக்கும். நெட்வொர்க் துண்டான நேரத்தில் பெயர் மாற்றினால் அந்த இன்ஸ்டன்ஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டிவரலாம். அழகான பெயருக்காக உற்பத்தியில் பெயர் மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து. மொபைல்_புதிது என்பதே நிரந்தரப் பெயராக இருந்துவிட்டுப் போகட்டும்.

பின்னால் மாற்ற முடியாத இன்னும் இரண்டு. கிளஸ்டர்.மேக்ஸ்-பார்ட்டிஷன்ஸ், இயல்பு மதிப்பு 32. கிராஃபை முதல்முறை திறக்கும்போதே முடிவாகிவிடும். அடுத்தது, மிக்ஸட் இன்டெக்ஸில் (எலாஸ்டிக்சர்ச்சில் இருக்கும் இன்டெக்ஸ்) ஸ்ட்ரிங் கீயைச் சேர்க்கும்போது கொடுக்கும் மேப்பிங். எதுவும் சொல்லாவிட்டால் டெக்ஸ்ட், அதாவது சொற்களாக உடைத்துத் தேடும் வகை. கைபேசி எண், கணக்கு எண் போன்றவை முழுதாகப் பொருந்த வேண்டியவை. அவற்றுக்கு ஸ்ட்ரிங் மேப்பிங் கொடுங்கள்.

4. டிரான்சாக்ஷன் எப்போது திறக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

நீங்கள் பிகின் என்று எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு த்ரெட் கிராஃபைத் தொட்ட முதல் நொடியில் அந்த த்ரெட்டுக்கு ஒரு டிரான்சாக்ஷன் திறந்துவிடும். கவனிக்க: படித்தாலும் திறக்கும். எண்ணிக்கை பார்க்க ஒரு கவுன்ட் ஓட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால், திரும்பி வரும்வரை அது திறந்தே இருக்கும். கமிட் அல்லது ரோல்பேக் கொடுத்தால்தான் மூடும்.

திறந்திருக்கும் டிரான்சாக்ஷன், தான் படித்த வெர்டெக்ஸ்களைத் தன் கேச்சில் வைத்திருக்கும். இயல்பு அளவு 20000. வேறு இன்ஸ்டன்ஸ் அதை மாற்றினாலும் இது பழையதையே காட்டும். ஸ்கீமாவும் இப்படித்தான் பிடிபட்டிருக்கும். த்ரெட் பூல் வைத்த வெப் சர்வீஸில் படிக்கும் பாதைகளில் ரோல்பேக்கை விட்டுவிடுவது பரவலாக நடக்கிறது. ஃபைனலி பகுதியில் ரோல்பேக் எழுதுவதைக் குழுவின் விதியாகவே வையுங்கள்.

சர்வர் வழியாக வினவல் அனுப்பினால் செஷன் இல்லாத கோரிக்கை ஒவ்வொன்றும் தனி டிரான்சாக்ஷன். முடிந்ததும் சர்வரே கமிட் செய்யும், பிழை வந்தால் ரோல்பேக் செய்யும். செஷனோடு இணைந்தால் மூடும் பொறுப்பு உங்களுடையது. இதிலிருந்து ஒரு விளைவு: மேனேஜ்மென்ட் வேலையைச் செஷன் இல்லாமல் வரி வரியாக அனுப்ப முடியாது, முதல் வரியில் திறந்தது இரண்டாவது வரிக்குத் தெரியாது. முழு ஸ்கிரிப்டையும் ஒரே கோரிக்கையாக அனுப்புங்கள், அல்லது செஷன் பயன்படுத்துங்கள்.

5. இருக்கும் கீக்கு இன்டெக்ஸ் சேர்த்தல்

சிக்கல் அதிகம் வருவது இங்கேதான், நிதானமாகப் படியுங்கள்.

இன்டெக்ஸ் ஒன்று மூன்று நிலைகளைக் கடந்து வரும்: இன்ஸ்டால்ட், ரெஜிஸ்டர்ட், எனேபிள்ட். கட்டளை கொடுத்து கமிட் செய்தவுடன் இன்ஸ்டால்ட். கிளஸ்டரின் எல்லா இன்ஸ்டன்ஸும் புதிய இன்டெக்ஸைத் தெரிந்துகொண்டேன் என்று பதில் அனுப்பியபின் ரெஜிஸ்டர்ட். பழைய தரவு உள்ளே ஏறியபின் எனேபிள்ட். அதன் பிறகே வினவல்கள் அதைப் பயன்படுத்தும்.

கூட்டுப் பட்டா நிலத்தை விற்பது போல நினைத்துக்கொள்ளுங்கள். பங்குதாரர் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் வெளியூரில் இருந்தால் காத்திருக்க வேண்டும். இறந்துபோனவரின் பெயர் பட்டாவில் நீக்கப்படாமல் இருந்தால் பத்திரமே நகராது.

இனி வரிசை. உங்கள் கன்சோலில் முதலில் கிராஃபின் டிரான்சாக்ஷனை ரோல்பேக் செய்யுங்கள். மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். கீயை எடுத்து, பில்ட்இன்டெக்ஸ் சொல்லி, பில்ட்காம்போசிட்இன்டெக்ஸ் முடித்து கமிட் செய்யுங்கள். அடுத்து மேனேஜ்மென்ட்சிஸ்டத்தின் அவெய்ட்கிராஃப்இன்டெக்ஸ்ஸ்டேட்டஸ் கொண்டு ரெஜிஸ்டர்ட் ஆகும்வரை காத்திருங்கள். இது இயல்பாக ஒரு நிமிடம் மட்டுமே காத்திருக்கும். நேரம் முடிந்தால் பிழை வீசாது, இலக்கு நிலை எட்டப்படவில்லை என்ற அறிக்கையை மட்டும் திருப்பித் தரும். ஸ்கிரிப்டில் அந்த அறிக்கையைப் பார்க்காமல் அடுத்த வரிக்குப் போனால் வினை அங்கே தொடங்கும். நிலையைச் சோதித்து, எட்டவில்லையென்றால் ஸ்கிரிப்ட் நிற்கும்படி எழுதுங்கள்.

ரெஜிஸ்டர்ட் ஆகவில்லை, இன்ஸ்டால்ட்டிலேயே நிற்கிறது. இப்போது என்ன செய்வது?

முதலில் செத்த இன்ஸ்டன்ஸ்களைத் தேடுங்கள். மேனேஜ்மென்ட்டில் கெட்ஓப்பன்இன்ஸ்டன்சஸ் கொடுத்தால் திறந்திருப்பதாகப் பதிவான எல்லாமும் வரும்; நீங்கள் இருப்பதற்கு மட்டும் கரன்ட் என்று அடைப்பில் குறி இருக்கும். மூன்று சர்வரும் ஒரு கன்சோலும் ஓடும் இடத்தில் நான்கு பெயர்களுக்கு மேல் இருந்தால், மீதியெல்லாம் முறையாக மூடாமல் இறந்தவை. கில் செய்யப்பட்ட ஜேவிஎம் (ஜாவா புரோகிராமை ஓட்டும் சூழல்), குபர்னடீஸ் தூக்கியெறிந்த பாட் (புரோகிராம் ஓடும் சிறு அலகு) எல்லாம் இப்படிப் பெயரை விட்டுவிட்டுப் போகும். 1ஆம் படியில் எழுதிய பட்டியலோடு ஒப்பிட்டு, உண்மையிலேயே ஓடவில்லை என்று உறுதிசெய்தபின் ஃபோர்ஸ்குளோஸ்இன்ஸ்டன்ஸ் கொடுத்து கமிட் செய்யுங்கள். உயிரோடு இருக்கும் இன்ஸ்டன்ஸை இப்படி நீக்காதீர்கள். அது புதிய ஸ்கீமா தெரியாமலே எழுதிக்கொண்டிருக்கும். அந்த எழுத்துகள் இன்டெக்ஸில் ஏறாமல் போகும்.

அடுத்து, உயிரோடு இருந்தும் பதில் அனுப்பாத இன்ஸ்டன்ஸ். புதிய இன்டெக்ஸ் பற்றிய செய்தி வந்த நேரத்தில் திறந்திருந்த டிரான்சாக்ஷன்கள் எல்லாம் மூடும்வரை இன்ஸ்டன்ஸ் பதில் அனுப்பாது. சுமார் ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்கும். மூடவில்லையென்றால், டிரான்சாக்ஷன்கள் மூடுவதற்கு அதிக நேரம் காத்திருந்ததாகவும், ஸ்டேல் டிரான்சாக்ஷன் அலர்ட் என்றும் லாகில் எழுதிவிட்டு விலகிவிடும். எல்லா சர்வர்களின் லாகிலும் இந்த வரியைத் தேடுங்கள். எந்த சர்வர் தடுக்கிறது என்று அதிலேயே தெரியும். அந்த சர்வரில் கெட்ஓப்பன்டிரான்சாக்ஷன்ஸ் வழியாகத் திறந்திருப்பவற்றைப் பார்த்து ரோல்பேக் செய்யலாம், அல்லது ரீஸ்டார்ட் செய்யலாம்.

இனி வருவதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். டிரான்சாக்ஷனை மூடினால் மட்டும் இன்டெக்ஸ் தானாக நகராது. அந்த இன்ஸ்டன்ஸ் முன்பே விலகிவிட்டதால் பதில் இனி வரப்போவதில்லை. மேனேஜ்மென்ட்டைத் திறந்து, அப்டேட்இன்டெக்ஸில் ரெஜிஸ்டர்_இன்டெக்ஸ் கொடுத்து கமிட் செய்தால் செய்தி மறுபடி எல்லோருக்கும் போகும். அதன்பிறகு மீண்டும் காத்திருங்கள்.

பாட்கள் அடிக்கடி மாறும் சூழலில் ஒவ்வொரு பாட்டுக்கும் கிராஃப்.யூனிக்-இன்ஸ்டன்ஸ்-ஐடி மதிப்பை நிலையாகக் கொடுத்து, கிராஃப்.ரிப்ளேஸ்-இன்ஸ்டன்ஸ்-இஃப்-எக்சிஸ்ட்ஸ் அமைப்பை ட்ரூ என்று வையுங்கள். அதே பெயரில் மறுபடி எழும் பாட் பழைய பதிவின் இடத்தையே எடுத்துக்கொள்ளும். செத்த பெயர்கள் சேராது.

ஸ்கீமா ஸ்கிரிப்டை ஒவ்வொரு சர்வரின் தொடக்கக் கோப்பிலும் வைக்காதீர்கள். மூன்று சர்வரும் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே கீயை உருவாக்க முட்டிமோதும். ஒரே இடத்திலிருந்து, ஒருவர், ஒருமுறை ஓட்ட வேண்டும். கன்டெய்ன்ஸ்பிராப்பர்ட்டிகீ என்று கேட்டு, இல்லாவிட்டால் மட்டும் உருவாக்கும்படி எழுதினால் பாதியில் நின்றாலும் மறுபடி ஓட்டலாம்.

6. ரீஇன்டெக்ஸ்: நேரமும் செலவும்

ரெஜிஸ்டர்ட் ஆனதிலிருந்து புதிதாக எழுதுபவை இன்டெக்ஸில் ஏறத் தொடங்கிவிடும். பழையதை ஏற்றத்தான் ரீஇன்டெக்ஸ். அது கிராஃப் முழுவதையும் ஒருமுறை படிக்கும். ஒரு லேபிளுக்கு மட்டும் இன்டெக்ஸ் போட்டாலும், முழுவதையும் படித்தே வடிகட்டும். இந்த இடத்தில்தான் செலவு.

இரண்டு வழிகள். அப்டேட்இன்டெக்ஸில் ரீஇன்டெக்ஸ் கொடுத்தால் உங்கள் ஜேவிஎம் ஒன்றே தனியாகப் படித்து எழுதும். மேப்ரெட்யூஸ்இன்டெக்ஸ்மேனேஜ்மென்ட் வழியாகப் போனால் ஹடூப்பில் பல இயந்திரங்களுக்கு வேலை பிரியும். ஹடூப் ஏற்கெனவே இருந்தால் ஒழிய முதல் வழியில் தொடங்குங்கள். அதற்கென்று தனி இயந்திரம் ஒன்றை எடுத்து அதிலிருந்து ஓட்டுங்கள். கோரிக்கைகளுக்குப் பதில் சொல்லும் சர்வரில் ஓட்ட வேண்டாம். நீண்ட நேரம் ஓடும் வேலை என்பதால் டிமக்ஸ் போன்ற ஒன்றுக்குள் ஓட்டுங்கள். உங்கள் இணைப்பு அறுந்தாலும் அது ஓடும்.

எத்தனை மணி நேரம் ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல ஒரே வழி, ஸ்னாப்ஷாட்டைச் சோதனைக் கிளஸ்டரில் ஏற்றி அங்கே ஓட்டிப் பார்ப்பது. வேலை முடிந்ததும் அது தரும் அறிக்கையில் எத்தனை பதிவுகள் சேர்ந்தன என்று இருக்கும். அந்த வேகத்தை வைத்து உற்பத்திக்கான நேரத்தைக் கணித்து, அதன் இரண்டு மடங்கைக் கேட்டு வாங்குங்கள். பகலில் மற்ற சுமையும் சேரும்.

யூனிக் இன்டெக்ஸ் என்றால் முன்னதாக இரட்டிப்புகளைக் களையுங்கள். அதே எண்ணோடு இரண்டு வெர்டெக்ஸ் ஏற்கெனவே இருந்தால் ரீஇன்டெக்ஸ் கண்டுபிடித்துச் சொல்லும் என்று நம்பாதீர்கள். அது பழைய தரவை ஏற்றும் வேலை மட்டுமே.

7. டிரான்சாக்ஷன் எதற்குப் பொறுப்பேற்காது

பெர்க்லிடிபி மேல் ஓடும் ஜேனஸ்கிராஃபில் ஏசிட் பண்புகள் (எல்லாம் எழுதப்படும், அல்லது எதுவுமே எழுதப்படாது என்பது போன்ற உறுதிகள்) கிடைக்கும்படி அமைக்கலாம். கசாண்ட்ரா, ஹெச்பேஸ் மேல் பொதுவாக இல்லை. பல வரிகளை ஒரே அணுவாக எழுதும் வசதி அடியில் இல்லாதபோது மேலே மட்டும் எப்படி வரும்? கமிட் நடுவில் உடைந்தால் பாதி எழுதியிருக்கலாம். எனவே ஒரே கோரிக்கையை இரண்டு முறை ஓட்டினாலும் விளைவு ஒன்றாக இருக்கும்படி எழுதுவதே பாதுகாப்பு.

யூனிக் என்று அறிவித்தால் மட்டும் போதாது. இரண்டு சர்வர்களில் ஒரே நேரத்தில் ஒரே கைபேசி எண்ணோடு ஆளைச் சேர்த்தால் இரண்டுமே உள்ளே போகும். செட்கன்சிஸ்டென்சி கொண்டு இன்டெக்ஸுக்கு லாக் (பூட்டு; மேலே சொன்ன பதிவேட்டு லாக் அல்ல) கொடுக்க வேண்டும். ஒரு வெர்டெக்ஸில் ஒரே மதிப்புதான் இருக்க வேண்டும் என்றால் கீக்கும் கொடுக்க வேண்டும்.

லாக் இலவசம் இல்லை. ஜேனஸ்கிராஃப் தன் உரிமைக்கோரலைக் கசாண்ட்ராவில் எழுதி, 100 மில்லிவிநாடி காத்திருந்து, தன்னுடையதே முதலாவதா என்று திரும்பப் படித்துப் பார்க்கும். லாக் வேண்டிய ஒவ்வொரு கமிட்டுக்கும் அந்தத் தாமதம் கூடும். யார் முதலில் என்பது நேர முத்திரையால் தீர்வதால், எல்லா இயந்திரங்களின் கடிகாரமும் என்டிபியால் (கடிகாரங்களை ஒத்திசைக்கும் நெறிமுறை) ஒத்திருக்க வேண்டும். கடிகாரம் விலகினால் லாக்கையே நம்ப முடியாது. இறந்த புரோகிராமின் லாக் 300 விநாடியில் காலாவதியாகும். டேட்டா சென்டர்கள் தூரமாக இருந்து எழுதுவதற்கே 100 மில்லிவிநாடிக்கு மேல் ஆகிறதென்றால் ஸ்டோரேஜ்.லாக்.வெய்ட்-டைமைக் கூட்டுங்கள். ஆனால் அது ஓடும்போது மாற்றக்கூடிய அமைப்பு இல்லை: மற்ற எல்லா இன்ஸ்டன்ஸையும் நிறுத்தி, ஒன்றை மட்டும் ஓடவிட்டு மேனேஜ்மென்ட் வழியாக மாற்ற வேண்டும். இதற்கும் நிறுத்த நேரம் கேட்டு வாங்க வேண்டும்.

பெர்மனென்ட்லாக்கிங்எக்ஸெப்ஷன் வந்தால் பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வேறொருவர் முந்திக்கொண்டார் என்பதே அதன் பொருள். அந்த டிரான்சாக்ஷனை ரோல்பேக் செய்து, புதியதில் முதலிலிருந்து, படிப்பதையும் சேர்த்து, மறுபடி ஓட்டுங்கள். கமிட் வரியை மட்டும் திரும்பத் திரும்ப அழைத்துப் பயனில்லை. லாக்கை எல்லா இடத்திலும் போடாதீர்கள். பணமும் அடையாளமும் சம்பந்தப்பட்ட கீகளுக்கு மட்டும் போதும்.

எலாஸ்டிக்சர்ச் பற்றி ஒன்று. முதலில் கசாண்ட்ராவில் எழுதப்படும். அது தோற்றால் கமிட்டும் தோற்கும். பிறகு எலாஸ்டிக்சர்ச்சில் எழுதும்போது தோற்றால் கமிட் வெற்றி என்றே கணக்கு; பிழை லாகில் மட்டும் இருக்கும். வெர்டெக்ஸ் இருக்கும், தேடலில் வராது. டிஎக்ஸ்.லாக்-டிஎக்ஸ் அமைப்பை ட்ரூ என்று வைத்து, ஸ்டார்ட்டிரான்சாக்ஷன்ரிகவரி ஓடும் தனிப் புரோகிராம் ஒன்றை வைத்திருந்தால் விடுபட்டவை திரும்ப ஏற்றப்படும். எழுத்து கொஞ்சம் மெதுவாகும். தேடல் முடிவை நம்பி முடிவெடுக்கும் இடமென்றால் அந்தத் தாமதத்தை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

பேய் வெர்டெக்ஸ் என்ற ஒன்றும் உண்டு. ஒருவர் வெர்டெக்ஸை அழிக்க, அதே நேரத்தில் இன்னொருவர் அதில் ஒரு பிராப்பர்ட்டி எழுத, இரண்டு கமிட்டும் வெற்றி பெறும். அந்த ஒரு பிராப்பர்ட்டி மட்டும் ஒட்டிக்கொண்ட அரைகுறை வெர்டெக்ஸ் மிஞ்சும். உடனே அழிக்காமல் நீக்கப்பட்டது என்று ஒரு குறி வைத்து, இரவில் ஒரே ஜாப் அழிக்கும்படி வைத்தால் இது பெரும்பாலும் வராது.

8. மொத்தமாக ஏற்றும்போது

ஸ்டோரேஜ்.பேட்ச்-லோடிங் ட்ரூ என்றால் வேகம் நன்றாகக் கூடும், காரணம் உள் சரிபார்ப்புகளும் லாக்கும் அணைந்துவிடுவதுதான். யூனிக் விதி அங்கே காக்காது. ஏற்றும் தரவை முன்னரே சுத்தம் செய்யுங்கள், ஸ்கீமா.டிஃபால்ட் கட்டாயம் நன் என்று இருக்கட்டும். வேலை முடிந்ததும் அந்த வரியைக் கான்ஃபிக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அன்றாட சர்வரில் அது மறந்து தங்கிவிடக் கூடாது.

9. இன்டெக்ஸ் உண்மையில் வேலை செய்கிறதா?

எனேபிள்ட் என்று வந்துவிட்டது என்பதோடு நிறுத்தாதீர்கள். வினவலின் கடைசியில் புரொஃபைல் சேர்த்து ஓட்டினால் எந்த இன்டெக்ஸ் பயன்பட்டது என்று காட்டும். எல்லா வெர்டெக்ஸையும் வரிசையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று லாகில் எச்சரிக்கை வந்தால் இன்டெக்ஸ் பொருந்தவில்லை. காம்போசிட் இன்டெக்ஸ் சமம் என்ற ஒப்பீட்டுக்கு மட்டுமே, அதிலுள்ள எல்லாக் கீகளும் வினவலில் இருந்தால் மட்டுமே வரும். பெரியது, சிறியது, சொல் தேடல் எல்லாம் மிக்ஸட் இன்டெக்ஸின் வேலை. சோதனைச் சூழலில் குவெரி.ஃபோர்ஸ்-இன்டெக்ஸை ட்ரூ ஆக்கிவிட்டால் இன்டெக்ஸ் இல்லாத வினவல் பிழையாகவே நிற்கும்.

எழுதிய உடனே மிக்ஸட் இன்டெக்ஸில் தேடி, வரவில்லையே என்று பதறாதீர்கள். எலாஸ்டிக்சர்ச் இயல்பாக ஒரு விநாடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும். கேச்.டிபி-கேச் போட்டிருந்தால் வேறு சர்வரில் எழுதியது இங்கே தெரிய 10 விநாடி வரை ஆகலாம்.

10. பழையதை அகற்றுதல்

அவசரமே வேண்டாம். புதிய இன்டெக்ஸும் புதிய கீயும் இரண்டு வாரமாவது சுமையைத் தாங்கட்டும். பிறகு பழைய இன்டெக்ஸுக்கு டிசேபிள்_இன்டெக்ஸ் கொடுங்கள். டிசேபிள்ட் நிலையை எல்லா இன்ஸ்டன்ஸும் ஏற்கும்வரை, 5ஆம் படியில் சொன்ன அதே காத்திருப்பு இங்கேயும் உண்டு. அதே காரணங்களால் நின்றும் போகும். டிசேபிள் செய்தபின் சில நாள் விட்டுவையுங்கள். மாத இறுதியில் மட்டும் ஓடும் அறிக்கை ஒன்று அதை நம்பியிருக்கலாம். இந்தக் கட்டத்தில் திரும்பிப் போக வேண்டுமானால் ரீஇன்டெக்ஸ் செலவோடு முடிந்துவிடும்.

அடுத்து, ஜேனஸ்கிராஃப் 1.0 முதலான பதிப்புகளில் டிஸ்கார்ட்_இன்டெக்ஸ், பிறகு டிராப்_இன்டெக்ஸ். அதற்கு முந்தைய பதிப்புகளில் ரிமூவ்_இன்டெக்ஸ், அதுவும் காம்போசிட் இன்டெக்ஸுக்கு மட்டும். அந்தப் பழைய பதிப்புகளில் மிக்ஸட் இன்டெக்ஸை எலாஸ்டிக்சர்ச்சுக்குப் போய்க் கையாலேயே அழிக்க வேண்டும்.

பழைய கீயிலுள்ள மதிப்புகளைத் தொகுதி தொகுதியாக நீக்குங்கள். கீயின் வரையறையை நீக்க முயலாதீர்கள். அது ஸ்கீமாவில் இருந்துவிட்டுப் போகட்டும். ஸ்கீமா கோப்பில் அதன் பக்கத்தில் இனி எழுதக் கூடாது என்று நாளோடு குறித்து வையுங்கள். பிரிண்ட்ஸ்கீமாவை இன்னொரு முறை எடுத்து, முதல் நாள் எடுத்ததோடு ஒப்பிட்டு, அதையும் கிட்டில் ஏற்றுங்கள்.

டிஸ்க் இடம் அன்றே குறையாது. கசாண்ட்ரா அழித்ததற்கு டூம்ஸ்டோன் (அழிக்கப்பட்டது என்ற குறி) எழுதி வைக்கும். அந்தக் குறி எவ்வளவு நாள் இருக்க வேண்டும் என்று சொல்லும் ஜிசி_கிரேஸ்_செகண்ட்ஸ் அமைப்பின் இயல்பு மதிப்பு 864000 விநாடி, அதாவது 10 நாள். அதற்குள் ஒருமுறை ரிப்பேர் ஓட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அழித்தது மறுபடி உயிர் பெற்று வரக்கூடும். பத்து நாள் கழிந்து கம்பாக்ஷன் ஓடியபிறகு, 1ஆம் படியில் எடுத்த ஸ்னாப்ஷாட்டையும் நீக்கிவிட்டு டிஸ்கைப் பாருங்கள்.